இரண்டாம் இடம் யாருடைய கணக்கு? 1977 ஜூன் மாதத்து ஒரு சிங்கிள் தட்டும் அதன் பட்டியல் வழக்கும்

1977 ஜூன் 11 தேதியிட்ட பிரிட்டன் சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறு இசைத்தட்டு) விற்பனைப் பட்டியலில் முதலிடம் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டுக்கு. இரண்டாம் இடம் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் ராக் குழு வெளியிட்ட ‘காட் சேவ் த குவீன்’ தட்டுக்கு. அரசி இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறிய 25ஆம் ஆண்டின் வெள்ளி விழாவைத் தெருவுக்குத் தெரு மேசை போட்டு விருந்து வைத்து நாடே கொண்டாடிக்கொண்டிருந்த வாரம் அது. நாட்டுப்பண்ணின் பெயரையே தலைப்பாக எடுத்துக்கொண்டு முடியாட்சியை நேருக்கு நேர் தாக்கிய ஒரு பாட்டு அந்த வாரத்தில் முதலிடத்துக்கு வந்துவிடக்கூடாது என்று யாரோ கையை வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் அன்றே கிளம்பியது. ஐம்பது ஆண்டுகள் நெருங்கியும் அது அடங்கவில்லை. அதிகாரப்பூர்வமாக உறுதி செய்யப்படவும் இல்லை.

சதி நடந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டால் இந்த வழக்கு நகராது. ஒரு தட்டு கடை மேசையில் விற்பனையாகி, பட்டியலின் ஒரு வரியாக அச்சேறும் வரை எந்த வழியாகப் போயிற்று என்பதைப் பின்தொடர்ந்தால்தான் அந்த ‘இரண்டு’ என்ற எண்ணுக்கு எவ்வளவு எடை தரலாம் என்பது தெரியும்.

ஒரு பாட்டு, மூன்று நிறுவனங்கள்

குழுவை 1976 அக்டோபரில் 40,000 பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்தது இஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனம். நவம்பர் 26 அன்று வெளியான முதல் சிங்கிள் 38ஆம் இடம் வரை சென்றது. டிசம்பர் 1 மாலை தேம்ஸ் தொலைக்காட்சியின் நேரலை நிகழ்ச்சி ஒன்றில் குழுவினர் வாய்க்கு வந்தபடி வசைச்சொற்களைக் கொட்ட, மறுநாள் நாளேடுகள் முதல் பக்கத்தில் கொதித்தன. ஊர் ஊராகக் கச்சேரிகள் ரத்தாயின. 1977 ஜனவரியில் இஎம்ஐ கைகழுவியது.

பிப்ரவரியில் பேஸ் கிட்டார் வாசித்த கிளென் மேட்லாக் விலக, சிட் விஷியஸ் உள்ளே வந்தார். வழக்குப் பொருளான பாட்டில் மேட்லாக்கின் பங்கும் உண்டு. ஆனால் வடலண்டன் வெசெக்ஸ் ஸ்டூடியோவில் கிறிஸ் தாமஸ் தயாரிப்பில் அது பதிவானபோது அவர் குழுவில் இல்லை. அவர் இடத்துக்கு வந்தவருக்கோ வாசிப்புப் பழக்கம் போதாது. ஆகவே கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிவு செய்த ஸ்டீவ் ஜோன்ஸே பேஸையும் வாசித்தார். கலகக் கூச்சல் என்று பத்திரிகைகள் எழுதிய அந்தத் தட்டைக் காது கொடுத்துக் கேட்டால், பொறுமையாகக் கட்டப்பட்ட ஒலி என்பது புரியும். பிங்க் ஃபிளாய்டு, ராக்ஸி மியூசிக் குழுக்களோடு வேலை செய்தவர் தாமஸ். பாட்டுக்கு முதலில் இருந்த தலைப்பு ‘நோ ஃபியூச்சர்’. வெள்ளி விழாவைக் குறிவைத்தே எழுதிய பாட்டு அல்ல என்று குழுவினர் பிறகு சொன்னார்கள். தலைப்பும் வெளியீட்டு நாளும் மாறி வந்து விழாவோடு பொருந்தியதில் மேலாளர் மால்கம் மெக்லாரனின் வியாபார மூளைக்குப் பங்கில்லை என்று நம்புவது கடினம்.

மார்ச் 10 அன்று பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே மேசை போட்டு, ஏ அண்ட் எம் நிறுவனத்துடன் கையெழுத்திடும் காட்சி அரங்கேறியது. ஒரு வாரம் தாங்கவில்லை. மார்ச் 16 அன்று ஒப்பந்தம் முறிந்தது. ஏற்கெனவே ஆலையில் அழுத்தித் தயாராகியிருந்த ஏறக்குறைய 25,000 தட்டுகளும் அழிக்கப்பட்டன. அழிவுக்குத் தப்பிய சில தட்டுகள் பிற்காலத்தில் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் விலை போயிருக்கின்றன. மே மாதம் ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் ரெக்கார்ட்ஸ் அவர்களை எடுத்துக்கொண்டது. வர்ஜின் தட்டு வெளியிடும் நிறுவனம் மட்டுமல்ல, தட்டு விற்கும் கடைகளையும் நடத்தியது. இந்த வழக்கின் முடிச்சு அந்தக் கடைகளில்தான் இருக்கிறது.

அடைக்கப்பட்ட கதவுகள்

தட்டு மே 27, வெள்ளிக்கிழமை வெளியானது. அதற்கு முன்பே, தட்டை அழுத்தித் தயாரிக்க வேண்டிய சிபிஎஸ் நிறுவனத்தின் ஆலைத் தொழிலாளர்கள் அதை அழுத்த மறுத்தார்கள். உறைக்கு அச்சுத்தகடு செய்ய வேண்டியவர்களும் மறுத்தார்கள். பேசிச் சமாதானம் செய்த பிறகே வேலை நடந்தது. உறையை வடிவமைத்தவர் ஜேமி ரீட். நீலமும் வெள்ளியுமான அந்த உறையில் அரசியின் உருவப்படம். கண்கள் இருந்த இடத்தைக் கிழித்துப் பாட்டின் பெயரும், வாய் இருந்த இடத்தில் குழுவின் பெயரும், ஆள்கடத்தல்காரர் மிரட்டல் கடிதத்தில் ஒட்டுவது போன்ற வெட்டெழுத்துகளில். குழுவினர் முகம் எங்கும் இல்லை. தபால்தலையிலும் நாணயத்திலும் அன்றாடம் பார்க்கும் முகம் வாயடைத்துக் கண்ணிழந்து கடை அலமாரியில் நின்றதைக் கண்டு மிரண்ட கடைக்காரர்கள், பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் மிரண்டார்கள் என்று சொல்ல முடியாது.

பிபிசி பாட்டை ஒலிபரப்ப மறுத்தது. தனியார் வானொலிகளைக் கட்டுப்படுத்திய சுதந்திர ஒலிபரப்பு ஆணையமும் அவ்வாறே செய்தது. அன்றைய பிரிட்டனில் இந்த இரண்டையும் விட்டால், கடலுக்கு அப்பாலிருந்து வரும் லக்ஸம்பர்க் போன்ற நிலையங்களைத் தவிர வேறு வானொலி இல்லை. விளம்பர நேரமும் கிடைக்கவில்லை. வூல்வொர்த்ஸ், பூட்ஸ், டபிள்யூ. எச். ஸ்மித் ஆகிய, நாடெங்கும் கிளைகள் கொண்ட மூன்று பெரிய சங்கிலிக் கடைகளும் தட்டை விற்க மறுத்தன. ஊர்க் கடைத்தெருவில் ஒரு சாதாரண இளைஞர் தட்டு வாங்கப் போகும் இடங்கள் பெரும்பாலும் இவையே. மருந்துக்கடையான பூட்ஸில் தட்டு விற்றார்களா என்று இன்றைய வாசகர் வியக்கலாம். விற்றார்கள், நிறையவே விற்றார்கள்.

மிஞ்சியவை வர்ஜினின் சொந்தக் கடைகளும் சிறு தனிக்கடைகளும் சில இசைக்கடைகளும். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு தட்டு பாய்ந்தது. ஜூன் 4 தேதியிட்ட பட்டியலில், ஓரிரு நாள் விற்பனையிலேயே 11ஆம் இடத்தில் நுழைந்து, அடுத்த வாரம் இரண்டுக்கு ஏறியது. முதல் ஐந்து நாட்களில் ஒன்றரை இலட்சம் படிகள் விற்றதாக அன்று பரவலாகச் சொல்லப்பட்டது. இது தட்டை விற்ற தரப்பின் எண் என்பதை மறக்கக்கூடாது.

பட்டியல் தயாரான விதம்

அறுபதுகளில் பிரிட்டனில் ஒரே பட்டியல் என்று ஒன்று கிடையாது. இசை வார இதழ்கள் ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த கடைகளைத் தொலைபேசியில் கேட்டுத் தனித்தனிப் பட்டியல் போட்டன; பிபிசி அவற்றின் சராசரியை எடுத்துத் தன் பட்டியல் என்று படித்தது. 1968 ஆகஸ்டில் இந்தச் சராசரிக் கணக்கில் மூன்று தட்டுகள் ஒரே நேரத்தில் முதலிடத்துக்கு வந்து நிற்கவே, இது நகைப்புக்கிடம் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. 1969 பிப்ரவரி முதல் பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பியூரோ என்ற சந்தை ஆய்வு நிறுவனம் பிபிசிக்கும் இசைத்தட்டு வணிக இதழுக்குமாகப் பொதுவான பட்டியல் ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான பிபிஐயும் அதன் செலவில் பங்கேற்றது. பட்டியலில் இடம்பெறும் தட்டுகளின் உரிமையாளர்களே பட்டியலுக்குப் பணம் கொடுப்பவர்களில் ஒருவர் என்ற ஏற்பாடு இதனால் அமைந்தது.

வேலை நடந்த முறை எளிமையானது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான கடைகள் தட்டு விற்றாலும், தேர்ந்தெடுத்த ஏறக்குறைய 300 கடைகளுக்கு மட்டும் ஓர் ஏடு கொடுக்கப்பட்டது. வாடிக்கையாளர் தட்டை வாங்கிப் பணம் கொடுத்ததும், மேசைக்குப் பின்னால் நிற்கும் பணியாளர் அந்தத் தட்டின் வரிசை எண்ணைக் கையால் ஏட்டில் குறிக்க வேண்டும். செக்ஸ் பிஸ்டல்ஸ் தட்டுக்கு அந்த எண் விஎஸ் 181. சனிக்கிழமைக் கூட்டத்தில் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது ஒருவர் எத்தனையை ஒழுங்காகக் குறிப்பார், எத்தனையை மாலையில் உத்தேசமாக எழுதுவார் என்பது அவரவர் பொறுப்பு. வார முடிவில் ஏடு தபாலில் லண்டனுக்குப் போகும். குறித்த நேரத்தில் வந்து சேர்ந்த ஏடுகளைக் கூட்டிப் பெருக்கி நாட்டுக்கான மதிப்பீடு போடுவார்கள். 1971 தொடக்கத்தில் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தம் வந்தபோது இந்த ஏற்பாடே நிலைகுலைந்தது என்பதிலிருந்து இது எந்த நூலில் தொங்கியது என்பது விளங்கும்.

ஆக அந்தப் பட்டியல் ஓர் எண்ணிக்கை அல்ல. மாதிரிக் கடைகளை வைத்துப் போட்ட மதிப்பீடு. எல்லாக் கடைகளிலும் ஓரளவு ஒரே சீராக விற்கும் தட்டுக்கு அந்த மதிப்பீடு நன்றாகவே பொருந்தும். ராட் ஸ்டூவர்ட்டின் தட்டு அப்படிப்பட்டது. 1975, 1976 ஆல்பங்களிலிருந்து எடுத்த இரண்டு மெல்லிய காதல் பாடல்கள் இருபுறமும். எந்தக் கடையும் மறுக்காத, எந்த வானொலியும் தயங்காத தட்டு. மே 21 முதல் ஜூன் 11 வரை நான்கு வாரப் பட்டியல்களில் அது முதலிடத்தில் இருந்தது. ‘காட் சேவ் த குவீன்’ நேர்மாறு. ஒரு பகுதிக் கடைகளில் அறவே இல்லை; மற்றவற்றில் குவியலாகப் போகிறது. இப்படி மேடும் பள்ளமுமாக விற்கும் தட்டை மாதிரி முறை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தவறாக மதிப்பிடலாம். தட்டு பாய்கிற கடைகள் மாதிரியில் மிகுதியாக இருந்தால் உண்மைக்கு மேலும், குறைவாக இருந்தால் உண்மைக்குக் கீழும் எண் வரும்.

என்எம்இ என்ற இசை வார இதழ் தன் சொந்தக் கடைகளைக் கேட்டுத் தனிப் பட்டியல் போட்டு வந்தது. அதில் பிஸ்டல்ஸ் முதலிடத்துக்கு வந்தார்கள். இதைச் சதிக்குச் சான்றாக எடுத்து வைப்பது இன்றுவரை வழக்கம். எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தோன்றவில்லை. வேறு கடைகளைக் கேட்டவர்களுக்கு வேறு விடை கிடைத்தது என்பதற்கு மேல் அது எதையும் நிறுவவில்லை. 1968இல் மூன்று தட்டுகள் முட்டிக்கொண்டதும் இதே காரணத்தால்தான். வேறு சில இடங்களில் நடந்தது வேடிக்கை. சங்கிலிக் கடையின் சுவரில் தொங்கிய பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு நேரே பெயர் எதுவும் இல்லாமல் வெற்று வரியாக விட்டிருந்தார்கள். விற்காத பொருளின் பெயரை எழுதவும் மனம் வரவில்லை, இடத்தை மூன்றாமவருக்குக் கொடுக்கவும் துணிச்சல் இல்லை.

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு

சதி வாதத்தின் முதல் தூண் மெக்லாரனின் கூற்று. இரண்டு தட்டுகளையும் விநியோகித்தது சிபிஎஸ். அங்கிருந்தே தமக்குத் தகவல் வந்ததாகவும், ராட் ஸ்டூவர்ட்டின் தட்டு ஒன்று போகுமிடத்தில் பிஸ்டல்ஸ் தட்டு இரண்டு போனதாகவும் அவர் சொன்னார். இது உண்மையானால் மாதிரிப் பிழை என்ற விளக்கம் நிற்காது. நெருங்கி ஓடும் இரண்டு தட்டுகளின் இடத்தை 300 கடை மாதிரி மாற்றிப் போடலாம். இருமடங்கு வேறுபாட்டை அது விழுங்க முடியாது. விழுங்கியிருந்தால் யாரோ கணக்கில் கைவைத்திருக்க வேண்டும்.

ஆனால் விநியோகஸ்தருக்குத் தெரிந்தது கிடங்கிலிருந்து கடைக்குப் போன பெட்டிகளின் எண்ணிக்கை. வாடிக்கையாளர் கையில் போனது வேறு கணக்கு. ராட் ஸ்டூவர்ட்டின் தட்டு அப்போது வாரக்கணக்காக முதலிடத்தில் இருந்த பழைய சரக்கு; கடைகளில் இருப்பு நிறைந்திருக்கும், புதிதாக வேண்டியது தீர்ந்ததை ஈடுகட்டும் அளவே. பிஸ்டல்ஸ் தட்டோ அப்போதுதான் முதன்முறையாக அலமாரிக்குப் போகிறது. அதுவும் தடை வந்துவிடுமோ, ஆலை நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் கடைக்காரர்கள் முன்கூட்டியே அள்ளி வைக்கத் தூண்டும் தட்டு. கிடங்கில் இரண்டுக்கு ஒன்று என்பதும், மேசையில் ஏறக்குறையச் சமம் என்பதும் ஒரே வாரத்தில் உண்மையாக இருக்க முடியும். இந்த ஓட்டையை மெக்லாரன் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாரா என்பதை அவருடைய தொழிலை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் தூண் கனமானது. இசைத்தட்டு நிறுவனங்கள் தாமே நடத்தும் கடைகளிலிருந்து வரும் விற்பனைக் கணக்கை அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் சேர்க்க வேண்டாம் என்று பிபிஐ தரப்பிலிருந்து உத்தரவு போனதாகவும், அடுத்த வாரமே அது திரும்பப் பெறப்பட்டதாகவும் பிற்காலப் பத்திரிகைச் செய்திகள் கூறின. அப்படியொரு விதி வெளிப்பார்வைக்கு நடுநிலையானது. தன் தட்டைத் தானே வாங்கிக் கணக்கை ஊதிப் பெருக்க ஒரு நிறுவனத்துக்கு வாய்ப்பு இருக்கக்கூடாது என்ற நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. எச்எம்வி கடைகள் இஎம்ஐக்குச் சொந்தமானவை என்பதால் விதி வர்ஜினை மட்டும் சுட்டியது என்றும் சொல்ல முடியாது. ஆனால் மற்ற தட்டுகளுக்கு அந்தக் கடைகள் பல வாசல்களில் ஒன்று. சங்கிலிக் கடைகளால் விரட்டப்பட்ட இந்தத் தட்டுக்கோ அவை தலைவாசல். நல்ல காரணமுள்ள விதிதான் என்றால் ஒரு வாரத்தில் ஏன் மறைய வேண்டும்? அந்தச் செய்தி சரியென்றால் இந்தக் கேள்விக்கு மரியாதையான விடை எதையும் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆயினும் உத்தரவின் தாள் எதுவும் பொதுவெளிக்கு வரவில்லை; சொன்னவர்களின் சொல் மட்டுமே இருக்கிறது.

பட்டியலின் நேர்மையை அப்படியே நம்பவும் இடமில்லை. கணக்கு அனுப்பும் கடைகள் எவை என்பது தட்டு நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகளுக்குத் தெரிந்திருந்தது. கடைப் பணியாளருக்கு இலவசத் தட்டும் பரிசும் கொடுத்து, விற்காத தட்டுக்கும் ஏட்டில் குறி போடச் செய்யும் வழக்கத்தை 1980இல் கிரனாடா தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சி ஒன்று அம்பலப்படுத்தியது. 1983 ஜனவரியில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பட்டியல் பொறுப்பை ஏற்றுக் கடைகளில் மின்னணுக் கருவிகளைக் கொண்டுவந்ததற்கு அந்த அவமானமும் ஒரு காரணம்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கையில், முதலிடம் பிஸ்டல்ஸிடமிருந்து திருடப்பட்டது என்று தீர்ப்பெழுதப் போதிய சான்று இல்லை. ராட் ஸ்டூவர்ட்தான் அதிகம் விற்றார் என்று சொல்வதற்கும் அந்தப் பட்டியல் போதாது. அந்த மாதிரி முறையின் நுணுக்கம் இவ்வளவு நெருக்கமான, இவ்வளவு கோணலான போட்டியை அளக்கும் தரத்தில் இல்லை. உறுதியாகத் தெரிவது ஒன்று: மூன்று சங்கிலிக் கடைகளின் மறுப்பு மட்டுமே, யாருடைய இரகசியக் கையும் இல்லாமல், பட்டப்பகலில், முதலிடத்தை எட்டாக்கனியாக்கப் போதுமானதாக இருந்திருக்கும். சதியைத் தேடுபவர்கள் இந்த வெளிப்படையான தடையை ஏனோ இலேசாகக் கடந்துவிடுகிறார்கள்.

முன்னும் பின்னும்

ஜூன் 7 விழா நாளன்று தேம்ஸ் ஆற்றில் ‘குவீன் எலிசபெத்’ என்ற படகை அமர்த்திக் குழு வாசித்துக்கொண்டு போனதும், காவல்துறை படகைக் கரைக்குத் திருப்பி மெக்லாரன் உள்ளிட்டோரைக் கைது செய்ததும் நன்கு அறியப்பட்டவை. ஜூன் 18 அன்று பாடகர் ஜான் லைடன் லண்டனில் மதுக்கடை ஒன்றின் வெளியே கத்தியால் தாக்கப்பட்டார். பட்டியலில் இடம் பிடித்ததற்கு அவர் கொடுத்த விலை அது. அந்த ஜூன் 18 பட்டியலில் ராட் ஸ்டூவர்ட்டும் முதலிடத்தில் இல்லை; கென்னி ராஜர்ஸ் வந்துவிட்டார்.

ஜூலையில் வந்த அடுத்த சிங்கிளைக் கடைகள் விற்றன; பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியும் அதன் காட்சியைக் காட்டியது. வாசல்கள் திறந்திருந்தும் அது 6ஆம் இடத்தோடு நின்றது. தடை பாட்டுக்குத் தீங்கு மட்டும் செய்யவில்லை, ஆள் சேர்த்தும் விட்டது என்பதற்கு இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. அக்டோபர் இறுதியில் குழுவின் ஆல்பம் வெளியானபோது பெரிய கடைகள் மீண்டும் மறுத்தன; அதன் தலைப்புச் சொல்லுக்காக நாட்டிங்ஹாமில் வர்ஜின் கடை மீது வழக்கே நடந்து, கடை வென்றது. அந்த ஆல்பம் ஆல்பப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது, யாரும் தடுக்கவில்லை. பிஸ்டல்ஸ் பெயரையே முதல் வரியில் அச்சிடக் கூடாது என்ற நிலையான முடிவு எங்கும் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. சந்தேகத்துக்கு இடமிருந்தால் அது விழா வாரத்துக்கு மட்டுமே.

1984இல் ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் ‘ரிலாக்ஸ்’ பாடலைப் பிபிசி தடை செய்தது. அது ஐந்து வாரம் முதலிடத்தில் அமர்ந்தது. பிபிசி ஒலிபரப்பவில்லை, ஆனால் கடைகள் விற்றன, கருவிகள் எண்ணின. 1977இலிருந்து இதைப் பிரிப்பது கடை மேசைதான் என்பதால், வானொலித் தடையைப் பெரிதாகப் பேசும் வழக்கமான வரலாறு பளுவைத் தராசின் தவறான பக்கத்தில் வைக்கிறது என்பது என் கருத்து.

பிறகு அரசியின் பொன்விழா ஆண்டான 2002இல் மறுவெளியீடு கண்டு பாட்டு 15ஆம் இடம் சென்றது. 2012 வைர விழாவையொட்டி மீண்டும் வெளியிட்டு, இம்முறையாவது முதலிடத்துக்கு ஏற்ற வேண்டும் என்று இணையத்தில் பிரசாரம் நடந்தது. அப்போது பதிவிறக்கம் உட்பட விற்பனை எல்லாம் மின்னணு முறையில் எண்ணப்பட்டது, எந்தக் கடையும் மறுக்கவில்லை. பாட்டு எட்டியது 80ஆம் இடம். இதை 1977க்கான மறுதேர்வு என்று கொள்வது சரியல்ல. வேண்டியவர்கள் வீட்டில் தட்டு எப்போதோ இருந்தது, வேண்டாதவர்கள் இணையத்தில் காசில்லாமல் கேட்கலாம், வாங்கியே ஆக வேண்டும் என்ற அவசரம் ஒருவருக்கும் இல்லை. லைடனும் அந்தப் பிரசாரத்துக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை விட்டு ஒதுங்கிக்கொண்டார்.